இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் தாதிய மாணவருக்கு

தாதிய மாணவியாக நான் முதன்முதலில் வைத்தியசாலை விடுதிக்குள் நின்ற நாளில், நீரிழிவினால் காலில் புண் வந்திருந்த முதியவர் ஒருவருக்கு மருந்து கட்டுவதைப் பார்ப்பதற்காக எங்களில் ஆறு பேரைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார்கள். பழைய கட்டின் மேல் சேலைன் ஊற்றி நனைத்து, புண்ணோடு ஒட்டியிருந்த துணியை மெல்ல மெல்ல உரித்தெடுத்த தாதியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கொட்டாவி வந்தது. பிறகு மேலுதடு வியர்த்தது. தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியின் இரைச்சல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோலத் தூரமாகிப் போனது. அதன் பின் நினைவிலிருப்பவை இரண்டே: என்னோடு விழுந்த உருக்குத் தட்டு நிலத்தில் சுழன்று ஓய்ந்த சத்தமும், கட்டிலில் கிடந்த ஐயா "அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுங்கோ, என்ர காலைப் பிறகு பாக்கலாம்" என்று சொன்னதும்.

மயக்கம் தெளிந்த பிறகு மூத்த மிசி (தாதி) ஒருவர் என்னை ஓரமாக இருத்தி, "உடம்பைத் தளர்வா விட்டு ஆழமா மூச்சு எடும் பிள்ளை, போகப்போகப் பழகிப்போம்" என்றார். அன்போடு சொன்ன அறிவுரைதான். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்து அந்த மாதத்திலேயே மேலும் இரண்டு முறை விழுந்தேன். இந்த அச்சத்தில் உடம்பைத் தளர்த்துவது மயக்கத்துக்கு வழிவிடும் என்பதும், இறுக்குவதுதான் காக்கும் என்பதும் எனக்கு விளங்க ஓராண்டுக்கு மேல் எடுத்தது. தாதியர் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமாவுக்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுத் தாதியியல் பட்டத்துக்கோ இடம் கிடைத்த பின்னரும், ஊசியை நினைத்து நித்திரையின்றிக் கிடப்பவர்கள் அந்த ஓராண்டை வீணாக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உடம்புக்குள் நடப்பது

சிலந்திக்கோ உயரத்துக்கோ அஞ்சுபவர் அதைக் காணும்போது அவருடைய இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, அஞ்சிய பொருள் விலகும்வரை அப்படியே நிற்கிறது. அழுத்தம் ஏறியிருக்கும்போது ஒருவர் மயங்குவது அரிது. இரத்தம், ஊசி, காயம் ஆகியவை சார்ந்த அச்சமோ இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டத்தில் மற்ற அச்சங்களைப்போலவே துடிப்பும் அழுத்தமும் சிறிது ஏறுகின்றன. சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு குறுக்கிட்டு இதயத்தின் வேகத்தைக் குறைக்க, கால்களிலுள்ள குருதிக் குழாய்கள் விரிந்து இரத்தம் கீழே தேங்க, மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து மனிதர் சரிந்துவிடுகிறார். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காது அடைத்தல், பார்வை ஓரங்களில் இருண்டு வருதல் ஆகிய யாவும் அந்த இரண்டாம் கட்டத்தின் முன்னறிவிப்புகள்.

நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு இந்த அச்சம் உண்டு. பெரும்பாலும் சிறுவயதிலேயே தொடங்குகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதும் வழக்கம். வீட்டில் விசாரித்துப் பாருங்கள்: தடுப்பூசி போடும்போது விழுந்த மாமாவோ, பல்லுப் பிடுங்கப் போய்ப் படுத்துவிட்ட பெரியம்மாவோ அநேகமாக அகப்படுவார். "மீன் வெட்டுற பிள்ளைக்கு இரத்தத்துக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சின்னக்கடையில் வாங்கிய பாரையை மூன்று நிமிடத்தில் துப்புரவாக்கி எடுக்கும் என் அம்மாவே, கிளினிக்கில் தன் கையில் ஊசி ஏறும்போது யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மீனின் இரத்தமும் மனித இரத்தமும் இந்த நரம்புக்கு ஒன்றல்ல. ஆகவே மீன் சந்தையில் போய் நின்று பயிற்சி எடுக்கும்படி யாராவது சொன்னால் அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

முதலில் ஒரு வைத்தியரைப் பாருங்கள்

இரத்தத்தையோ ஊசியையோ கண்ட இடத்தில் மட்டும் மயக்கம் வருகிறதென்றால் இந்த வழிகாட்டி பொருந்தும். ஓடும்போதோ மாடி ஏறும்போதோ மயங்கினாலும், மயங்குமுன் நெஞ்சு படபடத்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் இருந்தாலும், விழும்போது கைகால் நீண்ட நேரம் வெட்டி இழுத்தாலும், இதயத்தையும் நரம்புத் தொகுதியையும் சோதித்த பிறகே வேறெதையும் தொடங்க வேண்டும். இரத்தச்சோகை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதற்கு இரத்தம் எடுக்க வேண்டியிருக்குமே என்று நீங்கள் முகம் சுழிப்பது தெரிகிறது. படுத்தபடி எடுக்கச் சொல்லுங்கள், விழுவதற்கு இடமே இராது.

எங்கள் மண்ணில் இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்னும் 2009 வரை இரத்தத்தை நேரிற் கண்ட குடும்பங்கள் வடக்கில் ஏராளம். இரத்தம் கண்டதும் ஒரு பழைய சம்பவம் கண்முன் ஓடுவது, அதைப் பற்றிய கெட்ட கனவுகள், சத்தத்துக்குத் திடுக்கிடுதல் ஆகியவை உங்களுக்கு இருந்தால் அது மன வடு. அதற்குரிய சிகிச்சை வேறு. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. நேரில் போகத் தயங்குபவர்கள் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அஞ்சுவதைப் படிப்படியாக நெருங்குவதற்கென்று கீழே சொல்லும் ஏணியைத் தனியே ஏற முயல்வது இவர்களுக்கு உகந்ததல்ல.

தசையை இறுக்கப் பழகுதல்

இந்தப் பயிற்சியை 1980களில் சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்தார்கள். அதன் அடிப்படை எளிது: கை, கால், வயிறு ஆகியவற்றின் பெருந்தசைகளை இறுக்கினால் கீழே தேங்கிய இரத்தம் மேலே தள்ளப்படுகிறது, அழுத்தம் ஏறுகிறது, மூளைக்கு இரத்தம் கிடைக்கிறது.

கதிரையில் நிமிர்ந்து இருங்கள். இரு கைகளையும் முட்டியாகப் பொத்தி, புயங்களையும் தொடைகளையும் வயிற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். முகத்தில் இளஞ்சூடு ஏறும்வரை, அதாவது 10 முதல் 15 விநாடிகள் வரை அப்படியே வைத்திருங்கள். பிறகு விடுங்கள். விடுவது என்றால் சோர்ந்து சாய்வதல்ல. சாதாரணமாக இருக்கும் நிலைக்கு வருவது மட்டுமே. தொடக்கத்தில் எல்லோரும் பிழைவிடுவது இந்த இடத்தில்தான், ஏனெனில் இறுக்கியதும் உடம்பை முழுதாகத் தளரவிட்டால் ஏற்றிய அழுத்தத்தை நாமே இறக்கிவிடுகிறோம். 20 முதல் 30 விநாடிகள் கழித்து மீண்டும் இறுக்குங்கள். இவ்வாறு ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று, ஒரு நாளைக்கு ஐந்து சுற்றுகள், ஒரு வாரம். மூச்சை அடக்க வேண்டாம். தலையிடி வந்தால் இறுக்கத்தின் வலிமையைக் குறையுங்கள். உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இதை ஒரு வாரம் செய்த பிறகு, வெளியில் தெரியாமல் செய்யப் பழகுங்கள். நான் பருத்தித்துறை பஸ்ஸில் நின்றுகொண்டே பழகினேன். நிற்கும்போது ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே வைத்து, இரு தொடைகளையும் ஒன்றோடொன்று அழுத்தி, பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கினால் சீருடைக்குள் நடப்பது ஒருவருக்கும் தெரியாது. உங்கள் கையிலேயே ஊசி ஏற்றும் நேரத்தில் அந்தக் கையை மட்டும் தளர்வாக வைத்து, கால்களையும் மறு கையையும் இறுக்குங்கள். இறுகிய கையில் ஊசி நோகும், நாளமும் சரியாக அகப்படாது.

ஏணியை அமைத்தல்

இறுக்கம் கைவந்த பிறகே அஞ்சிய பொருளை நெருங்க வேண்டும். ஒரு கொப்பியில் உங்களை அச்சுறுத்துபவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளியிட்டு, சிறியதிலிருந்து பெரியதுக்கு வரிசைப்படுத்துங்கள். எனது ஏணி எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். உங்களுடையது வேறுபடும், வேறுபடவே வேண்டும்.

முதற்படி ஊசியில்லாத சிரிஞ்சி. அதில் தண்ணீர் இழுத்து, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, மேசையில் வைத்துத் திரும்பத் திரும்ப விளையாடினேன். அடுத்து ஊசி பூட்டிய சிரிஞ்சியால் தோடம்பழத்துக்குத் தண்ணீர் ஏற்றினேன். தோல் முதலில் எதிர்த்து நின்று பிறகு சட்டென்று வழிவிடும் அந்த உணர்வுதான் எனக்கு 4 புள்ளி. பாவித்த ஊசியைக் குப்பையில் போடாமல் கல்லூரியிலுள்ள கூரிய கழிவுப் பெட்டிக்கே கொண்டுபோனேன். மூன்றாவது, இரத்தம் எடுப்பதைக் காட்டும் ஒரே வீடியோவைச் சத்தமில்லாமல் நாளுக்குப் பத்துத் தடவை பார்ப்பது. ஐந்தாம் நாள் அந்தத் தாதியின் நகச்சாயத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்; அந்தப் படி முடிந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

நான்காம் படி வீட்டிலேயே இருந்தது. அம்மம்மாவுக்குச் சீனி பார்க்கும் கருவி எங்கள் வீட்டிலும் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கலாம். காலைச் சாப்பாட்டுக்கு முன் அவருடைய விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, கடுகளவு இரத்தம் திரண்டு வருவதைப் பார்த்து, அதைக் கீற்றில் தொடவிடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முதல் நாள் அம்மம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ இரு மோனை, நானே குத்துறன்" என்றார். இரண்டு கிழமைக்குப் பிறகு, "மெல்லக் குத்தடி" என்று அதட்டினார். ஒவ்வொரு முறையும் புதிய ஊசிமுனை என்பது மட்டும் மாறாத விதி.

ஐந்தாம் படியாக இரத்ததான முகாம் ஒன்றில் பெயர் பதியும் மேசையில் உதவிக்கு நின்றேன். பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் இவை நடப்பதால் வாய்ப்புக்குக் குறைவில்லை. 450 மில்லிலீற்றர் இரத்தம் நிறைந்த பை, கையிலெடுத்தால் இளஞ்சூடாக, பால் பைபோலத் தொய்ந்து இருக்கும். ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தமுள்ள ஒருவர் அவ்வளவைக் கொடுத்துவிட்டு, இனிப்புத் தேநீர் குடித்து, சைக்கிளில் ஏறிப் போவதைப் பத்துத் தடவை பார்த்த பின் என் மனத்திலிருந்த ஏதோ ஒன்று அசைந்து கொடுத்தது.

எந்தப் படியிலும் விதி ஒன்றுதான்: அச்சம் பாதியாகக் குறையும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால், ஓடியதால்தான் தப்பினோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். முன்னறிவிப்புகள் தெரிந்தவுடன் இறுக்குங்கள். அவை தணிந்ததும் மறுபடி பாருங்கள். ஒரே படியில் மூன்று நாட்கள் 2 புள்ளிக்குள் இருக்க முடிந்தால் மேலே ஏறலாம். இரண்டு கிழமையாகியும் ஒரு படியில் அசைவே இல்லையென்றால், தனியே போராடாமல் உளவியலாளர் ஒருவரை நாடுங்கள். இந்த அச்சம் சில அமர்வுகளிலேயே நன்றாகக் குறையக்கூடிய ஒன்று. அதை விட்டு வேறொருவரின் அமைதி மாத்திரையைக் கேட்டு விழுங்குவது, தலைக் கிறுகிறுப்போடு நோயாளியின் பக்கத்தில் போய் நிற்பதில்தான் முடியும்.

விடுதிக்குள்

முதல் நாளே பொறுப்புத் தாதியிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, சொன்னால் கல்லூரிக்குக் கடிதம் போகும் என்று பயந்தேன். அதனால்தான் கிருமி படாமல் பேண வேண்டிய தட்டோடு சேர்ந்து விழுந்து, அந்த ஐயா இன்னும் அரை மணித்தியாலம் திறந்த புண்ணோடு காத்திருக்க நேர்ந்தது. நீண்ட விளக்கம் வேண்டாம். "மிசி, எனக்கு இரத்தம் கண்டா சில நேரம் தலை சுத்தும். பயிற்சி செய்துகொண்டிருக்கிறன். அப்பிடி வந்தா நான் இருந்திடுவன், எனக்காக வேலையை நிப்பாட்டாதேங்கோ" என்றால் போதும். அநேகமான மிசிமார் இதற்குச் சிரிப்பார்கள், ஏனெனில் அவர்களில் சிலரும் விழுந்தவர்கள்.

கட்டிலருகே நிற்கும்போது சுவரோ கதிரையோ எட்டும் தூரத்தில் நில்லுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்காதீர்கள். பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றுங்கள். கையில் ஒரு வேலை இருப்பது பெரிய உதவி. வெறுமனே பார்ப்பவருக்கு வரும் மயக்கம், பிளாஸ்ரர் வெட்டிக் கொடுப்பவருக்கு அவ்வளவு இலகுவில் வராது. நோயாளியின் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவதும் அப்படித்தான்: எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் எனக்குக் காது அடைத்ததில்லை. இறுக்கியும் பார்வை இருண்டு வந்தால் வெட்கப்படாமல் நிலத்தில் இருந்து, முடிந்தால் படுத்து, கால்களை உயர்த்துங்கள். விழுந்தவரை நிமிர்த்தி இருத்துவதும், முழு நினைவு வருமுன் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் பிழை. அந்த ஐயாவின் தண்ணீர் சற்றுப் பொறுத்தே வந்திருக்க வேண்டும்.

சிலருக்கு இரத்தத்தைவிட மணமே எதிரி: அழுகிய புண், சத்திரசிகிச்சைக் கூடத்தில் தசையைச் சுடும் கருவியின் புகை. முகக்கவசத்துக்குள் வாயால் மூச்சுவிடுவது முதல் சில நிமிடங்களைக் கடக்க உதவும். மூக்கு விரைவிலேயே பழகிக்கொள்ளும். மகப்பேற்று அறை பலருக்கு எதிர்பார்த்ததைவிட எளிதாக இருக்கிறது. ஏன் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பிள்ளையின் முதல் அழுகைக்காகக் காத்திருக்கும் மனம் இரத்தத்தைக் கவனிக்க மறந்துவிடுகிறது போலும்.

முதல் முறை நீங்கள் ஊசி ஏற்றும்போது

பார்ப்பதைவிடச் செய்வது இலகு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நாளத்துக்குள் ஏற்றும் மெல்லிய குழாயான கனூலாவின் நிறங்களை முன்கூட்டியே மனப்பாடமாக்குங்கள்: 24 மஞ்சள், 22 நீலம், 20 இளஞ்சிவப்பு, 18 பச்சை, 16 சாம்பல், 14 செம்மஞ்சள், எண் கூடக்கூட ஊசி மெலிகிறது. எதை எதற்கு எடுக்க வேண்டும் என்ற கணக்கு மூளையில் ஓடும்போது அச்சத்துக்கு இடம் குறைகிறது. கல்லூரியின் இறப்பர்க் கையில், கண்ணை மூடிக்கொண்டும் வரிசை பிசகாது என்ற அளவுக்குச் செய்து பாருங்கள். கனூலாவின் பின்னறையில் இரத்தம் முதன்முதலாகத் துளிர்க்கும் அந்தக் கணம்தான் உங்கள் ஏணியின் உச்சியாக இருக்கக்கூடும். அதே கணம்தான் நாளம் அகப்பட்டுவிட்டது என்பதற்கான நற்செய்தியும். அந்தச் சிவப்பை அப்படி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதைத் தேடத் தொடங்கினேன்.

கை நடுங்குகிறதென்றால் அன்றைக்கு ஊசியை எடுக்க வேண்டாம். மூடியைத் திரும்பப் பூட்டாதீர்கள். பாவித்த ஊசியை நேரே கூரிய கழிவுப் பெட்டியில் போடுங்கள். தவறிக் குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமல் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பானவரிடம் அறிவியுங்கள், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் அதைச் சில மணித்தியாலங்களுக்குள், பிந்தினாலும் 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும். அச்சமுள்ளவர்கள் இதை மறைக்கவே முற்படுவார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சாப்பாடும் விரதமும்

வெறுவயிற்றோடு காலைக் கடமைக்குப் போகாதீர்கள். இரண்டு துண்டுப் பாணும் சம்பலும் போதும், ஆனால் அது உள்ளே இருக்க வேண்டும். கடமை தொடங்குவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் இரண்டு பெரிய கோப்பை தண்ணீர் குடிப்பது இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும், கந்தசட்டியின் ஆறு நாட்களும் எங்கள் மாணவிகளுக்குச் சோதனைக் காலம். ஒருநேரச் சாப்பாட்டோடு ஆவணி வெயிலில் வந்து சத்திரசிகிச்சை விடுதியில் நின்றால் அச்சமே இல்லாதவரும் சரிவார். விரதத்தை விடச் சொல்லவில்லை. பாலும் பழமும் எடுக்கும் விரதமாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த நாட்களில் ஏணியில் புதிய படி எதையும் தொடங்காமல் இருங்கள். திருவிழாவில் செடில் குத்துவதையும் தூக்குக்காவடியையும் கண்டு முகம் திருப்பும் பழக்கம் உள்ளவர்கள், வீதியோரம் நின்று தொடையை இறுக்கியபடி பார்த்துப் பழகலாம். அதுவும் ஒரு படிதான், இலவசமாகக் கிடைக்கும் படி.

அடுத்த தொகுதி மாணவர்கள் வரும்போது நீங்கள் இரண்டாம் ஆண்டில் இருப்பீர்கள். கட்டிலைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் வைப்பார், கொட்டாவியை மறைக்கக் கையை வாய்க்குக் கொண்டுபோவார், உதட்டின் நிறம் மங்கும். அப்போது அவரிடம் ஒன்றும் கேட்காமல், ஒரு கதிரையைக் காலால் அவருக்குப் பின்னே தள்ளிவிட்டு, பிளாஸ்ரரையும் கத்தரிக்கோலையும் கையில் கொடுங்கள்.